வெர்லாவுக்கு வந்த புதுப் போன்

வெர்லா கிங்ரிச் முட்டையை நேராக மாவில் உடைத்து ஊற்றி நான் பார்த்ததில்லை. முதலில் ஒரு கோப்பையில் உடைப்பாள். முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் மாவுக்குள் விடுவாள். இத்தனைக்கும் முட்டை வருவது அவளுடைய சித்தப்பா மகன் பண்ணையிலிருந்து.

"அவன் நல்லவன்தான். கோழிங்க எப்படின்னு எனக்கென்ன தெரியும்" என்பாள்.

அமெரிக்க எல்லைக்கு வடக்கே, வாட்டர்லூவில் கிங் தெருவுக்குப் பின்னால் அவள் காலை உணவுக்கடை வைத்திருந்தாள். முட்டை, தொத்திறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, நடுவில் பாகு தளும்பும் பட்டர் டார்ட் என்கிற சின்ன இனிப்பு. மதியம் இரண்டு மணிக்கு மேல் கடை கிடையாது. அவள் கணவர் ஆர்டன், ரப்பர் தொழிற்சாலையை மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். மூடிய பிறகு கடையில் காப்பி ஊற்றுவது, ரொட்டி வாட்டுவது, வருகிறவர்களோடு ஹாக்கி பேசுவது என்று மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டார். மூன்றாவதில்தான் அவருக்குக் கெட்டிக்காரத்தனம்.

சந்தேகம் வெர்லாவுக்குப் பிறவிக் குணம். வானிலை அறிக்கையை நம்பமாட்டாள், வெளியே போய்க் கையை நீட்டிப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தில் ஊர் பெயர் தெரியாத ஒருவரைப் பற்றிக் கதை சொன்னால், வாசலில் நிறுத்தி எந்த ஊர் என்று கேட்பாள். பாதி நேரம் அவள் சந்தேகம் தப்பாகத்தான் போகும். என்னைக்கூட முதல் இரண்டு வருஷம் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறேன் என்றே நினைத்திருந்தாள். அதற்குப் பிறகு என்னையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள்.

நான் சொல்ல வந்தது 2008 நவம்பரில் நடந்தது.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவது கெஸ்ட்ரல் கம்பெனியால். சின்னச் சின்ன எழுத்துப் பட்டன்கள் வைத்த கீபோர்டு போனை உலகத்துக்கே விற்றவர்கள் அவர்கள். மந்திரிகளும் வக்கீல்களும் இரண்டு கட்டைவிரலால் தட்டிக்கொண்டு திரிந்ததெல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கைத்தான். அந்த வருஷம் கம்பெனி, ஊருக்கு வடக்கே புதுக் கட்டடம் ஒன்று எழுப்பிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து மூலையில் சாப்பாட்டுக் கடைக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். அதை வெர்லாவுக்குத் தருவதாக, இடம் பார்த்துக் கொடுக்கும் நெல்சன் பாச்செகோ வந்து சொன்னார்.

குத்தகை பத்து வருஷம். நடுவில் விட்டுப் போக முடியாது. வீட்டை ஈடு காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ஆர்டன் அன்றைக்கே அந்தக் கடைக்குப் பச்சை நிறத்தில் மெத்தை இருக்கைகள் போடுவதென்று முடிவு செய்துவிட்டார். அரை வட்டமாக, நான்கு பேர் நெருங்கி உட்காரும்படி. படத்தைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியும் வைத்தார்.

"கட்டடம் நிறையுமா?" என்று வெர்லா நெல்சனிடம் கேட்டாள்.

"நிறையாமலா? புதுப் போன் வருதே. கேள்விப்படலையா?"

கேள்விப்படாதவர்கள் ஊரில் யார் இருந்தார்கள். கீபோர்டே இல்லாத போன். முழுக்கக் கண்ணாடித் திரை. அமெரிக்காவின் ஒரு பெரிய நெட்வொர்க் கம்பெனி தனக்கென்று செய்யச் சொல்லிக் கேட்டு, அவர்கள் கடைகளில் மட்டும் விற்கப்போகிறது. போட்டி நெட்வொர்க்குக்காரனிடம் எல்லாரும் தடவிக்கொண்டிருக்கிற கண்ணாடிப் போன் ஒன்று இருந்தது. அதற்கு எதிராக இவர்களுக்கு ஒன்று வேண்டும். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னால் வேண்டும். போன் ஓடினால் கட்டடம் நிறையும், கட்டடம் நிறைந்தால் மூலைக் கடை ஓடும். ஓடாவிட்டால், வெர்லாவின் வீடு.

"ஓடும்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க, வெர்லா."

"அதான் யாருன்னு கேட்டேன்" என்றாள்.

நெல்சன் டார்ட் சாப்பிடுவதில் கவனமாகிவிட்டார்.

ஒரே ஆளுக்கு மட்டும் என்று செய்து கொடுக்கும் வியாபாரத்தில் வெர்லா ஒரு முறை கை சுட்டுக்கொண்டிருந்தாள். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சூப்பர்மார்க்கெட்காரர்கள் வந்து, உங்கள் டார்ட் எங்களிடம் மட்டும்தான் கிடைக்க வேண்டும் என்றார்கள். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அளவை அவர்கள் சொன்னார்கள். டப்பாவை அவர்கள் சொன்னார்கள். நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு முன் வேண்டும் என்று நாளையும் அவர்களே சொன்னார்கள். புது அடுப்பு அந்தப் பெரிய அளவுக்கு இன்னும் பழகவில்லை. நடு பாகு இறுகவில்லை. இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டதற்கு, விளம்பரம் போயாகிவிட்டது, அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினாள். டப்பாவைத் திறந்தவர்கள் கையெல்லாம் பாகு. அட்டையில் இருந்த பெயர் சூப்பர்மார்க்கெட்டுடையது இல்லை, வெர்லாவுடையது.

"அவன் தேதிக்குச் சுட்டா அவன் டார்ட். நான் ஆகும்போது எடுத்தாதான் என் டார்ட்" என்பாள். அந்த அடுப்பை விற்றுவிட்டாள்.

அதனால் அந்தப் போன் விஷயம் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே முகர்ந்து பார்க்க வேண்டிய முட்டைதான். இருந்தாலும் மகன் டெரிக் கெஸ்ட்ரலில் மெயில் பிரிவில் வேலை பார்க்கிறான். அவனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், கேட்பதற்கு முன்பே ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

"உனக்குத்தாம்மா."

பெட்டிக்குள் அந்தப் புதுப் போன். அமெரிக்காவிலேயே இன்னும் விற்பனைக்கு வராதது. ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று, இங்கேயும் வேலை செய்கிற மாதிரி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மேஜைக்கு அடியில் கிடந்த நாயைத் தவிர எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

வெர்லா தொடவில்லை.

ஏன் தொடவில்லை என்பது புரிய எங்கள் ஊர் வழக்கம் தெரிய வேண்டும். இங்கே கடையில் போன் வாங்குகிறவர்கள் குறைவு. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைக்குப் புதுசு வரும், அவன் பழசு அம்மாவுக்குப் போகும், அம்மாவின் பழசு அவள் சிநேகிதிக்குப் போகும். துணிமணி மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். பல் டாக்டர் கையில் இருப்பது மருமகன் போட்டது, பாதிரியார் கையில் இருப்பது பாடகர் குழுவில் யாரோ போட்டது. டெரிக் பழசு வெர்லாவுக்கு, வெர்லாவின் பழசு எனக்கு. புதுசு வந்த அன்று எந்தப் பிள்ளையும் அதைக் கையைவிட்டுக் கீழே வைத்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் அம்மாமார்கள் திட்டித்தான் பையில் போடுவார்கள்.

"நீ என்ன வெச்சிருக்க?" என்று வெர்லா கேட்டாள்.

"எனக்கு இருக்கும்மா."

"என்ன இருக்கு?"

"பழசு. அது இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அதைக் குடு. நீ இதை வெச்சுக்கோ."

"என்னம்மா நீ. பரிசு குடுத்தா வாங்கிக்கமாட்டியா?"

"எதுக்குப் பரிசு?"

"பொறந்தநாளுக்குன்னு வெச்சுக்கோயேன்."

"என் பொறந்தநாள் மார்ச்சுல வருது."

ஆர்டன் குறுக்கே விழுந்தார். "பையன் ஆசையா குடுக்கறான். தானம் வந்த மாட்டுக்குப் பல் பாக்கற மாதிரி பாக்காத. டெரிக், இது ஓடும்ல?"

டெரிக் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். "ஆர்டர் நெறைய இருக்குப்பா. அமெரிக்கால கடைக்குக் கடை போஸ்டர். எல்லாரும் ரொம்ப உற்சாகமா இருக்காங்க."

"பாத்தியா" என்றார் ஆர்டன்.

எல்லாரும் உற்சாகமாக இருக்கிறார்கள் என்றவன், நான் என்று சொல்லவில்லை. இதை வெர்லா என்னிடம் திங்கட்கிழமை சொன்னாள்.

அந்தப் போனை அவள் நியாயமாகவே சோதித்தாள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. கண்ணாடியைத் தொட்டால் மட்டும் போதாது, அழுத்த வேண்டும். அழுத்தினால் திரை மொத்தமும் டிக்கென்று ஒரு மயிரிழை கீழே இறங்கும். பட்டன் பழகிய கைக்குப் பட்டன் மாதிரியே இருக்கட்டும் என்று செய்திருந்தார்கள். வெர்லா பழைய போனில் ஒரு கையால் பாகு கிளறிக்கொண்டே மறு கையால், பாராமலே, மாவு மண்டிக்காரனுக்குச் செய்தி தட்டிவிடுவாள். புதுசில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து தட்டியும் ஒரு வரி முடியவில்லை. திருப்பிப் பிடித்தால் திரை தானும் திரும்பலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"கதவுக்குக் கைப்பிடி வெக்காம, செவுத்தத் தள்ளுன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"எனக்கு வயசாயிடுச்சு, அதான் வரலையோ?" என்றும் கேட்டாள். அதையும் அவள் சந்தேகப்பட்டாள்.

புதன்கிழமை மாலை, தேவாலயத்து அடித்தளத்தில் நாங்கள் யூக்கர் ஆடுவோம். நான்கு பேர் ஆடும் சீட்டு. வெர்லாவும் நானும் ஒரு பக்கம். எதிரே இர்மா ஷாண்ட்ஸும் அவள் நாத்தனார் க்ளெனிஸும். இர்மாவின் மருமகனும் க்ளெனிஸின் மகனும் கெஸ்ட்ரல்தான். சீட்டைக் கலைத்துப் போடுமுன் இர்மா தன் பையிலிருந்து போனை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜை நடுவில் வைத்தாள். கறுப்பாக, பளபளவென்று, பட்டனே இல்லாமல்.

"என் மருமகன் குடுத்தான்" என்றாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு நல்ல வார்த்தகூடக் குடுக்காதவன்."

க்ளெனிஸ் தன் பையைத் திறந்து இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தாள்.

வெர்லா மேலங்கிப் பையில் கைவிட்டாள். மூன்றாவதும் வந்து உட்கார்ந்தது.

சீட்டுக்கட்டு ஓரத்துக்குப் போனது.

"நம்ம பிள்ளைங்களுக்குத் திடீர்னு அம்மா மேல இவ்ளோ பாசமா?" என்று நான் கேட்டேன்.

"உனக்கென்ன பொறாமையா? உன் பங்கு பழசு வரலையேன்னு" என்றாள் இர்மா.

உண்மைதான், எனக்கு வர வேண்டிய வெர்லாவின் பழசு வரவில்லை. அவள் அதை விடவில்லை.

"இர்மா, உன் மருமகன் தனக்குன்னு ஒண்ணு வாங்கியிருக்கானா?" வெர்லா கேட்டாள்.

"ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்தாங்களாம்."

"அப்ப அவன் கையில என்ன?"

"பழைய கீபோர்டுதான். அவனுக்கு அது போதுமாம். தியாகி மாதிரி சொன்னான்."

"க்ளெனிஸ்?"

"என் பையன் அவசரமா மெயில் அனுப்பணும்னா அதான் சரின்னான். இதுல..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இதுல படம் நல்லாத் தெரியுமாம். பேரப்பிள்ளைங்க படம்."

"சீட்டப் போடுங்கடி" என்றாள் இர்மா. "போன் குடுத்தாலும் கொறயா? உனக்கு யாராவது பூங்கொத்து குடுத்தா அதுக்குள்ள புழு இருக்கான்னு பாப்ப."

"இருந்திருக்கு" என்றாள் வெர்லா.

அன்று நாங்கள் மோசமாகத் தோற்றோம். கையில் நல்ல துருப்பை வைத்துக்கொண்டு வெர்லா ஆட்டத்தை விட்டுவிட்டாள். அவள் கண் மேஜை நடுவில் வரிசையாகக் கிடந்த மூன்று கறுப்புப் போன்களின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலை டெரிக் கடைக்கு வந்தான். வியாழக்கிழமைகளில் ஆபீஸ் போகும் வழியில் வந்து முட்டை சாப்பிடுவான். நான் முன் மேஜையில் இருந்தேன், அதனால் இது கேட்டதுதான், கேள்விப்பட்டது இல்லை. ஆர்டன் காப்பி ஊற்றிவிட்டுச் குடைமிளகாய் வெட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றார்.

டெரிக்கின் தட்டுக்குப் பக்கத்தில் பழைய போன் மல்லாந்து கிடந்தது. பட்டன்களில் எழுத்து பாதி அழிந்திருந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டே இடது கட்டைவிரலால் யாருக்கோ பதில் தட்டினான். தட்டைப் பார்த்தபடி, போனைப் பாராமல்.

வெர்லா எதிரில் உட்கார்ந்தாள். வியாபார நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்குக் கையெழுத்து" என்றாள்.

"தெரியும்."

"வீடு ஈடு."

"தெரியும்மா."

"உங்க போன் எப்படின்னு உன்னைக் கேக்கலாமா?"

"அதப் பத்தி நான் வெளிய பேசக்கூடாது. உனக்கே தெரியும். எழுதி வாங்கியிருக்காங்க."

"சரி, பேசாத. சாப்பிடு." அவன் சாப்பிட்டான். அவள் அவன் போனை விரலால் கொஞ்சம் நகர்த்தினாள். "ஷானன் கிட்ட ஒண்ணு இருக்குமே, புதுசு. அவ கம்பெனியும் இதானே. அவ யாருக்குக் குடுத்தா?"

ஷானன் அவன் மனைவி. டெரிக் மெல்லுவதை நிறுத்தினான்.

"அவங்க அம்மாவுக்கு."

"சந்தோஷப்பட்டாங்களா?"

"அம்மா..."

"நான் ஒண்ணும் கேக்கல. சம்பந்தியம்மா நல்லாருக்காங்களான்னுதான்."

ஆர்டன் கத்தியைக் கீழே வைத்தார். "வெர்லா, பையன விடு. போலீஸ் மாதிரி. டெரிக், நீ நேரா சொல்லு, கட்டடம் நிறையுமா நிறையாதா?"

டெரிக் அப்பாவைப் பார்த்தான், பிறகு ஜன்னல் வழியே வெளியே. பனி பெய்ய ஆரம்பித்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் நேரம் கெடைச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றான். எதற்கு நேரம் என்று சொல்லவில்லை. "தேதி நம்ம கைல இல்ல. அவங்க விளம்பரம் போயாச்சு."

வெர்லா எழுந்துகொண்டாள். அடுப்பிலிருந்து டார்ட் தட்டை எடுத்து, ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நெல்சன் பேனாவோடு வந்தார். வெர்லா அவருக்கு ஒரு பெட்டி டார்ட் கட்டிக் கொடுத்தாள், கையெழுத்துப் போடவில்லை. "இடம் நல்ல இடம்தான், நெல்சன். நீங்களும் நல்லவர்தான்" என்றாள். அவருக்கும் கோழிகளைப் பற்றிய அந்த வாக்கியம் தெரியும், மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆர்டன் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கேட்பதற்குக்கூட வாய் திறக்கவில்லை. எழுந்து தானே எடுத்துக்கொண்டார். குளிர்பெட்டிக் கதவில் பச்சை இருக்கைப் படம் அப்படியே இருந்தது. கிழித்துப் போடுவார் என்று வெர்லா எதிர்பார்த்தாள். போடவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்து நடந்தது அவளுக்கு இன்னும் சங்கடம். போன் வெளிவந்த காலை, அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கடை வாசலில் வரிசை. விடியுமுன்னே வந்து குளிரில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பல கடைகளில் மதியத்துக்குள் சரக்குத் தீர்ந்தது. ஆர்டன் ஒலியைக் கூட்டினார்.

"பாத்தியா" என்றார். வாரக்கணக்கில் அவர் அவளிடம் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மூலைக் கடையை ஒரு சாண்ட்விச் கம்பெனிக்காரர்கள் எடுத்தார்கள். பச்சை மெத்தை இருக்கைகள் போட்டார்கள். ஆர்டன் பால் வாங்கப் போகும்போதெல்லாம் சுற்றுவழியாக அந்தப் பக்கம் போனார். மதியத்தில் வரிசை கதவைத் தாண்டி நிற்கிறது என்று வந்து சொல்வார், வெர்லாவைப் பார்த்து இல்லை, ரொட்டி வாட்டியைப் பார்த்து. வெர்லா என்னிடம் மட்டும் கேட்டாள், "எனக்கு எதையும் நம்பத் தெரியாமப் போச்சோ?" நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் அதையும் நம்பியிருக்கமாட்டாள்.

பிறகு மெதுவாக, வாசலில் வரிசை நின்றவர்களே போனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட ஆரம்பித்தோம். திருப்பிக் கொடுத்தவர்களுக்கு வேறொன்றைக் கொடுத்தார்களாம், அதையும் திருப்பினார்களாம். கெஸ்ட்ரல் உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. கீபோர்டு போன்கள் இன்னும் நன்றாகவே விற்றன, டெரிக்குக்குச் சம்பளமும் கூடியது. ஆனால் புதுக் கட்டடத்தின் மேல்மாடிகளில் விளக்கு எரியவே இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம். அதற்குப் பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். சாண்ட்விச் கம்பெனிக்காரர்களிடம் பணமிருந்தது, நஷ்டத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள். வெர்லாவிடம் இருந்தது ஒரே வீடு.

அவள் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. நல்ல குணத்தால் இல்லை. டெரிக்கின் வேலையும் அதே கம்பெனியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் அன்றைக்கு அந்தப் போனை ஏன் கொடுத்தான் என்பது மட்டும் அவளுக்குத் தீரவே இல்லை. வாய் திறந்து சொல்லக்கூடாததைச் சொல்லாமல் சொன்னானா, இல்லை ஊரில் மற்ற பிள்ளைகள் மாதிரி வேண்டாததை அம்மா தலையில் கட்டினானா.

"கேட்டுடேன்" என்றேன்.

"கேட்டா ஏதாவது நல்லதாச் சொல்வான். அது நிஜமான்னு அப்புறம் நான் ஆயுசுக்கும் யோசிக்கணும்."

2009 வசந்தத்தில் டெரிக்குக்குப் புது கீபோர்டு போன் வந்தது. கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை, வெர்லா மேஜையில் திட்டித்தான் பையில் போட்டான். எழுத்து அழிந்த பழசை அவளிடம் கொடுத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த புதன்கிழமை அவளுடையது என் கைக்கு வந்தது, பட்டன் இடுக்குகளில் காய்ந்த மாவோடு.

மூலைக் கடையின் சாமான்களை ஏலம் போட்ட அன்று ஆர்டன் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மதியம் இரண்டு பச்சை மெத்தை இருக்கைகளோடு திரும்பினார். பழைய கடையில் அவற்றுக்கு இடமே இல்லை. ஜன்னலோரத்து மேஜைகளை வெளியே தள்ளித்தான் பொருத்த வேண்டியிருந்தது.

"எப்படி?" என்று அதில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

வெர்லா உள்ளே போனாள். கைவிளக்கை எடுத்துவந்து, தரையில் முட்டி போட்டு, இருக்கையின் அடித் தையலை ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"காலத் தூக்கு" என்றாள் அவரிடம்.

அவர் தூக்கினார்.